அம்மாவின் ஈறும் அந்த 480 வெள்ளிப் பெட்டியும்

பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து எழுதியிருக்கும் தம்பி, உங்கள் கேள்வி நீளம். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கி வைக்கிறேன். அம்மாவுக்கு 67 வயது. பதினைந்து வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். மூன்று வருடத்துக்கு முன் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கீழ் முன்பல் இரண்டு ஆடுகிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, எல்லா நோயும் வாய்க் கிருமியிலிருந்துதான் கிளம்புகிறது, சர்க்கரை, இதயம், மறதி நோய், புற்றுநோய் எதுவும் விலக்கில்லை என்று சொல்லி, எச்சில் பரிசோதனை, 'நல்ல கிருமி' மாத்திரை, வாய் கொப்பளிக்கும் மருந்து மூன்றும் அடங்கிய பெட்டியை 480 வெள்ளிக்கு (ரிங்கிட்) தரப் பார்க்கிறார். அக்காவோ, எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டு பல்செட் கட்டினால் தொல்லை தீர்ந்தது என்கிறார். வாயில் வாழும் நுண்ணுயிருக்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனசில் இருக்கும் கேள்வி அதைவிட நேரானது என்று படுகிறது: இந்த 480 வெள்ளியை எதில் போட்டால் அம்மாவுக்கு நல்லது?

நான் பல் மருத்துவர். 27 வருடம் ஆகிறது. முதல் சில வருடங்கள் அரசு கிளினிக்கில், அதிலும் கெடா பக்கத்துத் தோட்டங்களுக்கு வேனில் போய்ப் பல் பார்த்த அனுபவம் உண்டு. அதன்பிறகு பட்டர்வொர்த்தில் சொந்தமாக ஒரு சின்ன கிளினிக். ஈறு நோய்க்கென்று தனியாகப் படித்த நிபுணர் இல்லை, இதய மருத்துவரும் இல்லை. அதனால் அம்மாவின் இதய மருந்து பற்றி நான் சொல்வதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே வருகிறது என்று அந்த இடத்திலேயே சொல்கிறேன்.

வாயில் நுண்ணுயிர் இருப்பது புதுச் செய்தி இல்லை. 1683-இல் ஹாலந்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹூக் தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி, தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையில் பார்த்து, உள்ளே துள்ளி ஓடும் சின்னஞ்சிறு பிராணிகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். இன்றைக்கு மனித வாய்களில் 700-க்கு மேற்பட்ட பாக்டீரியா வகைகளை இனம் கண்டிருக்கிறார்கள். ஒரே ஆளின் வாயில் அத்தனையும் குடியிருப்பதில்லை. நூறு, இருநூறு வகை இருக்கும். ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் ஏறக்குறைய 10 கோடி. ஏஜென்ட்கள் இந்த எண்ணைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். மிரள ஒன்றுமில்லை. அதில் பெரும்பாலானவை நம்மோடு பிறந்து வளர்ந்த குடிகள். இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாலேயே வெளியிலிருந்து வரும் முரடர்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. ஆளுக்கு ஒரு பேட்டையும் உண்டு. பினாங்கின் சௌராஸ்தா மார்க்கெட்டில் கீழே மீன் வாடை, மாடிக்குப் போனால் பழைய புத்தக வாடை. நாக்கின் மேல் வாழும் கூட்டமும் ஈறுக்குக் கீழே வாழும் கூட்டமும் அப்படித்தான், இரண்டுக்கும் நடுவில் தூரம் கொஞ்சமாக இருந்தாலும்.

நோய் எப்படி வருகிறது என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பல்லைத் துலக்கிய சில நிமிடத்திலேயே எச்சிலின் புரதம் ஒரு மெல்லிய பூச்சாகப் பல்லில் படியும். அதைப் பிடித்துக்கொண்டு முதல் பாக்டீரியாக்கள் ஒட்டும், அவற்றின் மேல் வேறு சில ஒட்டும், இப்படியே அடுக்கடுக்காக ஒரு பிசுபிசுத்த படலம் வளரும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருமே, வீட்டில் ஊத்தை என்போமே, அதுதான். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் விடச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னதும் ஒரு வாரம் போல ஆனபோது பழையபடி சரியானது. 12 பேர்தான். ஆனால் வரவழைத்தும் காட்டினார்கள், போகவைத்தும் காட்டினார்கள். வாய்க் கிருமி பற்றிய ஆயிரம் செய்திகளில் இவ்வளவு உறுதியாக நிற்பவை கொஞ்சம்தான்.

அந்த வீக்கம் சிலருக்கு அங்கேயே நின்றுவிடும். சிலருக்கு உள்ளே இறங்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பை மாதிரி ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. புண்ணான ஈறிலிருந்து கசியும் புரதம் மட்டும் வேண்டிய அளவு கிடைக்கும். அதைத் தின்று வாழும் வகைகள் அங்கே பெருகும். போர்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று ஒன்று அடிக்கடி பேப்பரில் அடிபடுகிறதே, அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அவை பெருகினால் வீக்கம் கூடும், வீக்கம் கூடினால் கசிவு கூடும், கசிவு கூடினால் அவை இன்னும் பெருகும். மெல்ல மெல்லப் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். உங்கள் அம்மாவின் முன்பல் ஆடுவது பெரும்பாலும் இதனால்தான். எக்ஸ்ரேயும் பள்ளத்தை அளக்கும் கம்பியும் இல்லாமல் இங்கிருந்து உறுதி சொல்ல முடியாது. கவனித்தீர்களா, வெளியிலிருந்து யாரும் படையெடுத்து வரவில்லை. எப்போதும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தவைதான், சூழ்நிலை மாறியதும் ஊரைப் பிடித்துக்கொண்டன. ஆகவே கிருமியைக் கொல்லும் மருந்தைத் தேடி அலைவதில் பயன் குறைவு. படலத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தால் போதும், அவை பெருகுவதற்கு நேரமே கிடைக்காது.

ரத்தம் வருகிறது என்பதற்காக அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடுவது நம்மவர்களிடம் ரொம்பச் சாதாரணம். காயத்தைத் தொடாதே என்ற நினைப்பு. உண்மையில் படலம் அங்கே கிடப்பதால்தான் ரத்தமே வருகிறது. இன்னொன்று: சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது, ரத்தக் குழாய் சுருங்கிவிடுவதால். "எனக்கு ரத்தமே வராது டாக்டர்" என்று பெருமையாகச் சொன்ன எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்துக் காட்டிய பிறகு முகம் மாறியிருக்கிறது. வீட்டில் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

இப்போது உடம்புக்கு வருகிறேன். எல்லாத் தொடர்புகளிலும் இனிப்பு நீர்தான் கெட்டி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதில் சந்தேகமில்லை. எதிர்த் திசையிலும் நடக்கிறது: ஈறில் வருடக்கணக்காக எரியும் அழற்சி, இன்சுலின் தன் வேலையைச் செய்ய விடாமல் தடுக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் 30-க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஈறுக்குக் கீழே ஆழமாகச் சுத்தம் செய்தவர்களுக்கு, மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 புள்ளி இறங்கியிருந்தது. சின்ன எண்ணாகத் தெரியும். இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனில் பாதியாவது இருக்கும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2013-இல் அமெரிக்காவில் 514 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில் சர்க்கரை இறங்கவே இல்லை. சிகிச்சைக்குப் பிறகும் அவர்கள் வாயில் படலம் நிறையவே இருந்தது, ஒழுங்காகச் சுத்தமாகாத வாயை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று பலர் அதைக் குறை சொன்னார்கள். எனக்கும் அந்தக் குறை நியாயமாகப் படுகிறது. நம் மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அதில் இந்தியர்கள்தான் முன்வரிசை. ஆகவே இது ஏதோ வெளிநாட்டுக் கணக்கு என்று ஒதுக்க முடியாது.

ஆனால் ஒரு ஆளின் கதையை வைத்து இதை நிரூபித்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது நானாகவே இருந்தாலும். என்னிடம் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார், ரிட்டையர் ஆன லாரி டிரைவர். மூன்று மாதச் சர்க்கரை 9.4. நாலு தடவை வரவைத்து ஈறுக்குக் கீழே சுத்தம் செய்தேன். மூன்று மாதம் கழித்து 8.5 என்று சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த தடவை மனைவியோடு வந்தார். "ஈறு வலிக்குதுன்னு அந்த மூணு மாசமும் மாமா கடைப் பக்கமே போகல டாக்டர், ஒரு நாளைக்கு நாலு தே தாரே குடிக்கிற மனுஷன்" என்றார் அந்த அம்மா. 0.9 இறங்கியதில் என் பங்கு எவ்வளவு, தே தாரேயில் ஊற்றும் இனிப்புக் கெட்டிப் பாலின் பங்கு எவ்வளவு? பிரிக்கவே முடியாது. நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இப்போது சிகிச்சை, மீதிப் பேருக்குப் பிறகு என்று பிரித்துச் செய்யும் ஆய்வுகள் வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

இதயம். ஈறு நோய் இருப்பவர்களுக்கு மாரடைப்பும் கொஞ்சம் அதிகம் வருகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதயக் குழாயில் படிந்த கொழுப்புக்குள் வாய் பாக்டீரியாவின் மரபுத் தடயம் கிடைத்ததும் உண்மை. அதனால்தான் இது வந்தது என்று சொல்வது வேறு விஷயம். சிகரெட், சர்க்கரை, வயது, வறுமை இவை நான்கும் ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். இரண்டும் ஒரே வீட்டில் அடிக்கடி தங்குவதற்கு அதுவே காரணமாகலாம். 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம் கையில் இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டுச் சொன்னது இதுதான்: மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் தொடர்பு தெரிகிறது, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்கோ சான்று இல்லை. நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். ஒரே ஒரு விலக்கு, இதய வால்வில் கிருமி தொற்றுவது. வாயிலிருந்து ரத்தத்தில் கலந்த பாக்டீரியா பழுதான வால்வில் போய்ப் பற்றிக்கொள்ளும் என்பது உறுதியான விஷயம். செயற்கை வால்வு வைத்தவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் கொடுப்பது அதற்குத்தான். ஸ்டென்ட் அந்தக் கணக்கில் வராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் செய்தித்தாளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு வரும் நுரையீரல் சளிக் காய்ச்சல். அவர்கள் தூக்கத்தில் எச்சில் மூச்சுக்குழலில் இறங்கும், அதோடு வாயில் இருப்பதும் இறங்கும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்தார்கள். சாப்பிட்ட பிறகு தாதியர் பல் துலக்கிவிட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கு நிமோனியா வந்தது. அப்படிக் கவனிக்காதவர்களில் 19. ஒரு பிரஷ், ஒரு துணி, ஐந்து நிமிடம். வீட்டில் பாட்டி தாத்தா படுக்கையில் இருந்தால், விலையுயர்ந்த மாத்திரைக்கு முன் இதைச் செய்யுங்கள். பொய்ப்பல் போட்டிருந்தால் ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

மறதி நோயும் புற்றுநோயும் ஏஜென்டின் பட்டியலில் கடைசியில் வருவது, பயம் அங்கே உச்சத்துக்குப் போகும் என்பதால். 2019-இல் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அந்த ஜிஞ்சிவாலிஸின் நச்சுப் பொருள் இருப்பதாக ஒரு ஆய்வு வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த நச்சை முடக்க மருந்து செய்து 600 பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தபோது, நினைவாற்றல் சரிவதை அது தடுக்கவில்லை. கேள்வி முடிந்துபோகவில்லை, ஆனால் 'நிரூபணம் ஆகிவிட்டது' என்று சொல்பவர் 2019-ஐ மட்டும் படித்துவிட்டு நிறுத்தியவர். குடல் புற்றுநோய்க் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் என்ற வாய் பாக்டீரியா அதிகம் இருப்பதை 2012-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன, பின்னால் பலரும் உறுதி செய்தார்கள். கட்டியை அது வளர்க்கிறதா, வளர்ந்த கட்டி அதற்கு வசதியான இடமாகிவிட்டதா என்பதில்தான் வேலை நடக்கிறது. பல் துலக்கினால் குடல் புற்றுநோய் வராது என்று எழுதும் தைரியம் எனக்கில்லை.

சரி, பெட்டியைத் திறப்போம். எச்சில் பரிசோதனையில் இந்தந்தக் கிருமி இவ்வளவு என்று கலர் கலராக ஒரு தாள் வரும். அது வந்தாலும் வராவிட்டாலும் நான் அம்மாவுக்குச் செய்யப்போகும் சிகிச்சை ஒன்றுதான். அந்தக் கெட்ட கிருமிகள் நல்ல ஈறு உள்ளவர்கள் வாயிலும் கொஞ்சம் இருக்கும். பள்ளம் எத்தனை மில்லிமீட்டர், எலும்பு எவ்வளவு மிச்சம் என்பதே நான் தெரிந்துகொள்ள வேண்டியது. அதை எச்சில் சொல்லாது. நல்ல கிருமி மாத்திரைகளைப் பற்றி முற்றிலும் பொய் என்று சொல்ல மாட்டேன். சில வகைகளுக்கு, ஈறு சுத்தம் செய்ததோடு சேர்த்துக் கொடுத்தபோது, சிறு ஆய்வுகளில் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் அந்தக் கிருமிகள் வாயில் குடியேறுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் அவையும் போய்விடும். படலத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே நல்ல கிருமியைத் தூவுவது, கூட்டாத வாசலில் கோலம் போடுகிற மாதிரி.

பெட்டியில் எனக்குக் கோபம் வருவது கொப்பளிக்கும் மருந்தின் மேல்தான், 'தினம் மூன்று வேளை, வாழ்நாள் முழுக்க' என்று அவர் சொன்னதாக எழுதியிருப்பதால். நம் நாக்கின் பின்பக்கம் சில பாக்டீரியாக்கள் ஒரு அருமையான வேலை செய்கின்றன. பாயம் கீரை, பீட்ரூட் மாதிரியான காய்கறியில் நைட்ரேட் உண்டு. சாப்பிட்ட பிறகு அது ரத்தத்தில் கலந்து, எச்சில் வழியாக மறுபடி வாய்க்கு வரும். அதை நைட்ரைட்டாக மாற்றும் திறமை நம் உடம்பு செல்களைவிட இந்த நாக்குக் குடிகளுக்குத்தான் அதிகம். அதை விழுங்கினால் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்ளும், ரத்தக் குழாய் தளரும், ரத்த அழுத்தம் மட்டுப்படும். 2013-இல் லண்டனில் நல்ல ஆரோக்கியமான 19 பேரை ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொண்டு தினம் இரண்டு வேளை கொப்பளிக்க வைத்தார்கள். ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. 19 பேர், ஒரு வாரம். இதை வைத்துக் கொப்பளித்தால் மாரடைப்பு வரும் என்று நான் பயமுறுத்தினால் ஏஜென்டுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. ஆனால் இரண்டு ஸ்டென்ட் வைத்த ஒருவரின் வாயில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் வருடக்கணக்கில் கொன்றுகொண்டிருக்க ஒரு காரணமும் இல்லை. நானே புதிதாக வேலைக்கு வந்த காலத்தில் ஒரு ஆசிரியைக்கு இந்த மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல மறந்தேன். ஐந்து மாதம் கழித்துப் பழுப்பேறிய பல்லோடு வந்து, "குழம்பில் உப்பு தெரியவில்லை, வீட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள்" என்றார். இப்போது சீட்டிலேயே இரண்டு வாரம் என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுகிறேன்.

அக்கா சொன்ன யோசனைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் மருத்துவர் மாண்ட்ரியலில் பேசும்போது, உடம்பின் பல நோய்களுக்கு வாயில் மறைந்திருக்கும் சீழ்தான் மூலம் என்றார். அந்தப் பேச்சு தீயாகப் பரவியது. மூட்டு வலிக்குப் பல்லைப் பிடுங்கினார்கள், வயிற்று வலிக்குப் பிடுங்கினார்கள். அமெரிக்காவில் ஹென்றி காட்டன் என்ற மனநல மருத்துவர் தன் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பைத்தியம் தெளியும் என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கினார். தெளியவில்லை. இன்றைய 'எல்லா நோயும் வாயிலிருந்து' பேச்சைக் கேட்கும்போது எனக்கு அந்தக் காலம்தான் ஞாபகம் வரும். காப்பாற்ற முடியாத பல்லை எடுக்க வேண்டும், அதில் தயக்கமில்லை. நிற்கக்கூடிய பல்லை முன்னெச்சரிக்கை என்று எடுத்தால், பல்செட்டோடு அம்மா கடலையும் காய்கறியும் மெல்ல முடியாமல் கஞ்சியும் ரொட்டியும் பிஸ்கட்டுமாக இறங்கிவிடுவார். சர்க்கரைக்கு அது நல்லதா என்று அக்காவையே கேளுங்கள்.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணம். ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போய், ஈறைச் சுற்றிப் பள்ளத்தை அளக்கச் சொல்லுங்கள். மேலே மட்டும் பார்த்துவிட்டு 'ஸ்கேலிங் (பல்லைச் சுரண்டிச் சுத்தம்) செய்தாயிற்று' என்று அனுப்பினால், ஈறுக்குக் கீழேயும் வேண்டுமா என்று கேளுங்கள். அரசு பல் கிளினிக்கில் கட்டணம் சொற்பம், காத்திருப்புதான் நீளம். பள்ளம் ஆழமாக இருந்தால் அங்கிருந்தே ஈறு நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். தனியாரிடம் போனாலும் அந்த 480 வெள்ளி நல்ல பங்கு கைகொடுக்கும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் அம்மாவுக்கு இருக்கலாம், அந்தத் தலைமுறையில் எல்லாருக்கும் உண்டு. எலும்பு ஏற்கனவே கரைந்த பல்லைக் காரை, அதாவது கல்லாக இறுகிய படலம், சிமெண்டு மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். எடுத்ததும் உள்ள நிலை தெரியும், வீக்கம் வடிந்ததும் இடைவெளி தெரியும், சில வாரம் பல் கூசும். பிறகு ஈறு இறுகும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ, ரத்தம் அதிகம் வருமே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சை வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். அந்த மருந்தில் மாற்றம் வேண்டுமென்றால் அவருடைய இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன என் எல்லை இதுதான்.

வீட்டில் ராத்திரி துலக்குவதை விடவே கூடாது, தூங்கும்போது எச்சில் ஊறுவது ஏறக்குறைய நின்றுவிடும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பசை, பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷ். அந்தக் குட்டி பிரஷ்தான் இந்த வயதில் முக்கியம், பார்மசியில் கிடைக்கும், சரியான அளவைப் பல் மருத்துவரே பார்த்துச் சொல்வார். பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். அம்மா தமிழ்ப் பள்ளியில் படித்தபோது பல் மிஸ்ஸி, அதாவது பள்ளிக்கு வரும் பல் தாதி, வந்து சொல்லிக்கொடுத்திருப்பார். 1949-இல் இங்கே பினாங்கில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து கிளம்பியவர்கள்தான் அந்த மிஸ்ஸிகள். எண்ணெய் கொப்பளிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்லெண்ணெயில் படலம் கொஞ்சம் குறைவதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன, ஈறுக்குக் கீழே அது போகாது. அம்மாவுக்குப் பிடித்திருந்தால் செய்யட்டும், துலக்குவதற்குப் பதிலாக வேண்டாம். கரியும் உப்பும் வேண்டவே வேண்டாம், ஈறு இறங்கித் தெரியும் வேரை அவை தேய்த்துவிடும்.

கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "அம்மா சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடுவார், புகையிலை இல்லை, வெற்றிலை கிருமிநாசினிதானே." உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த வரிதான். வெற்றிலை இருக்கட்டும், உள்ளே மடித்து வைக்கும் பாக்கைச் சொல்லுங்கள். நாம் இருக்கும் மாநிலத்துக்கே பெயர் கொடுத்த பாக்கு, 'பினாங்' என்றால் மலாயில் அந்த மரம்தான். புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் ஐயமில்லாமல் சொல்லியிருக்கிறது. இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் நம்மவர்களிடம்தான் அதிகம். தோட்டங்களில் நான் வேனில் போன காலத்திலேயே கன்னத்தை விரித்துப் பார்ப்பதும் எங்கள் வேலையாக இருந்தது அதனால்தான். இன்று ராத்திரி நல்ல வெளிச்சத்தில் அம்மாவை உட்காரவைத்து, வெற்றிலையை ஒதுக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரிச் சிவப்புத் திட்டு, தடித்த மேடு, ஆறாத புண். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும், இரண்டு ஓரத்திலும் பாருங்கள். வாயைத் திறந்தால் அவருடைய மூன்று விரல் நெட்டுக்கு நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் கன்னத் தசை இறுகத் தொடங்கியிருக்கலாம். இவற்றில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், ஸ்கேலிங் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். எதுவும் இல்லையென்றாலும், ஈறு பார்க்கப் போகும் அன்றைக்கு "அம்மா பாக்கு போடுவார்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அம்மாக்கள் தாங்களாகச் சொல்வதில்லை. கிளினிக் வாசலிலேயே துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.